பெயர்பெற்ற பழைய வீடியோ கேம்கள் ஏன் ஏமாற்றமளிக்கின்றன?

பெரிதாகப் பேசப்பட்ட பழைய வீடியோ கேம்களை இன்று எடுத்து ஆடினால் பல சமயம் "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று தோன்றுகிறதே, குறை ஆட்டத்திலா ஆடுபவரிடமா, எவற்றை ஆடாமலே விட்டுவிடலாம் என்பது கேள்வி. இதற்குள் இரண்டு வேறுபட்ட ஏமாற்றங்கள் கலந்திருக்கின்றன. சில ஆட்டங்கள் வெளிவந்த நாளிலேயே வாக்குத் தவறியவை. அட்டைப்பெட்டியும் விளம்பரமும் சொன்னதற்கும் திரையில் வந்ததற்கும் தொடர்பே இல்லாதவை. வேறு சில அன்று நியாயமாகவே கொண்டாடப்பட்டவை. ஆனால் அவற்றை ஆடுவதற்கு இருந்த சூழல் இன்று இல்லை. பழைய கேம்களைப் பற்றிய தீர்ப்புகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் தவறிப்போகின்றன என்பது என் கருத்து.

முதல் வகைக்கு எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு, அதே பெயர் கொண்ட திரைப்படத்தை வைத்து அட்டாரி நிறுவனம் 1982இல் வெளியிட்ட இ.டி.; நான் சொல்வது அதே ஆண்டில், அதே நிறுவனத்திலிருந்து வந்த பேக்-மேன். பேய்களிடமிருந்து தப்பிப் பாதைகளில் உள்ள புள்ளிகளைத் தின்னும் ஆட்டம் அது. நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட மூலப் பேக்-மேன், காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரங்களில் உலகையே ஆட்டிவைத்தது. அதை, வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் அட்டாரி 2600 கன்சோலுக்குக் கொண்டுவரும் பொறுப்பு டாட் ஃப்ரை என்ற நிரலாளரிடம் வந்தது. 1977இல் வெளியான அந்தக் கன்சோலில் இருந்த தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். திரையில் தனித்தனியாக நகரும் உருவங்களாக அந்த வன்பொருள் தரக்கூடியவை இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, அவ்வளவுதான். பந்தடிக்கும் ஆட்டங்களையும் இரண்டு டாங்கிகள் சுட்டுக்கொள்ளும் ஆட்டங்களையும் மனத்தில் வைத்து வடிவமைத்த எந்திரம் அது. பேக்-மேனுக்கோ நாயகனோடு நான்கு பேய்கள் ஒரே நேரத்தில் தேவை.

ஃப்ரை கண்டுபிடித்த வழி, திரை ஒருமுறை வரையும் படமான ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரு பேயை மட்டும் வரைவது. நான்கு ஃப்ரேம்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பேய்க்கும் முறை வரும். அதாவது நொடிக்கு அறுபது முறை மாறும் திரையில் எந்தப் பேயும் பதினைந்து முறைக்கு மேல் தோன்றாது. படக்குழாய்த் தொலைக்காட்சியில், திரையின் பாஸ்பர் எனும் ஒளிரும் பூச்சு சிறிது நேரம் ஒளியைத் தக்கவைத்துக்கொண்டதால், பேய்கள் ஏதோ மங்கலாகத் துடிப்பவைபோலத் தெரிந்தன. இன்றைய தட்டைத் திரையில் அந்தத் துடிப்பு கண்ணை உறுத்துகிறது. ஆனாலும் மினுக்கலை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிட முடியாது. கறுப்புப் பின்னணி நீலமாகிவிட்டது, வட்டப் புள்ளிகள் சிறு கோடுகளாகிவிட்டன, பக்கவாட்டில் இருந்த சுரங்க வழி மேலும் கீழுமாகப் போய்விட்டது. ஒலி காதைக் குத்தியது. வாங்கியவர்கள் ஆர்கேட்டில் ஆடிப் பழகிய அதே ஆட்டத்தை எதிர்பார்த்தார்கள். கிடைத்தது அதன் பெயரை மட்டும் சுமந்துவந்த வேறோர் ஆட்டம்.

இங்கேதான் எந்திரத்தின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சரி என்ற கேள்வி எழுகிறது. பேக்-மேன், கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டியான கார்ட்ரிட்ஜில், 4 கிலோபைட் அளவில் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அட்டாரி தன் ஆஸ்டராய்ட்ஸை 8 கிலோபைட்டில் வெளியிட்டிருந்தது. 1983இல் இதே கன்சோலுக்கு 8 கிலோபைட்டில் வந்த மிஸ் பேக்-மேன், நிறம், பழங்கள், மாறும் பாதைகள் எல்லாவற்றோடும் ஆர்கேட் ஆட்டத்தின் நெருங்கிய உறவாகவே இருந்தது. ஆக, கார்ட்ரிட்ஜின் நினைவக அளவு ஒரு வணிக முடிவு. அதன் விலையை வாங்கியவர்கள் கொடுத்தார்கள். 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, அந்தக் கன்சோலிலேயே மிக அதிகம் விற்ற ஆட்டமாக அது ஆனது என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. விற்பனை தோற்றிருந்தால் ஏமாந்தவர்கள் சிலராக இருந்திருப்பார்கள். வெற்றி பெற்றதால் பல லட்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் நம்பிக்கை குறைந்தது.

இதே 1982இல், இதே கன்சோலில், இதே 4 கிலோபைட்டில் டேவிட் கிரேன் எழுதிய பிட்ஃபால் வெளிவந்தது. 255 திரைகள் கொண்ட காடு அது. அத்தனை திரைகளையும் சேமித்துவைக்க இடம் இல்லாததால், ஒரு சிறு எண் தொடரை உருட்டி ஒவ்வொரு திரையின் அமைப்பையும் அந்தந்த நேரத்தில் கணக்கிட்டு வரைந்துகொள்ளும் வழியை அவர் அமைத்தார். அதற்கு ஐம்பது பைட் அளவே பிடித்தது. குழி, கொடி, முதலை, இருபது நிமிடக் கெடு. இன்று ஆடினாலும் பிட்ஃபால் தெளிவாக இருக்கிறது; ஏனென்றால் அது அந்த எந்திரத்தால் முடிந்ததை முதலில் பார்த்து, பிறகு ஆட்டத்தை யோசித்தது. பேக்-மேன் பிரதியோ ஆட்டத்தை வேறோர் இடத்திலிருந்து எடுத்துவந்து எந்திரத்துக்குள் திணித்தது. பழைய கேம் ஒன்றை எடுக்கும் முன் அது எந்த எந்திரத்துக்காகப் பிறந்தது என்று பார்ப்பது, எந்த விமர்சனத்தையும்விட நம்பகமான அளவுகோல்.

இ.டி.க்கு வருவோம். படத்தின் உரிமைக்கு அட்டாரி 2 கோடி டாலருக்கும் மேல் கொடுத்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒப்பந்தம் முடிந்தது 1982 ஜூலை இறுதியில். கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கார்ட்ரிட்ஜ் வர வேண்டுமென்றால் செப்டம்பர் தொடக்கத்தில் நிரல் கையில் இருக்க வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரம். யார்ஸ் ரிவெஞ்ச் போன்ற நல்ல ஆட்டத்தை எழுதியவர் அவர். அதற்குப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டவர். ஐந்து வாரத்தில் அவர் எழுதியது, எதிரியைச் சுட்டு வீழ்த்தும் வழக்கமான ஆட்டம் அல்ல. தொலைபேசியின் மூன்று துண்டுகளைத் தேடிச் சேர்த்து, வீட்டுக்குச் செய்தி அனுப்பி, குறித்த இடத்துக்குப் போய்க் கப்பலில் ஏற வேண்டும். திரையின் மேலே இடத்துக்கு இடம் மாறும் சின்னங்கள், இங்கே நின்று பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்கின்றன. இதெல்லாம் கையேட்டில் தெளிவாக இருக்கிறது. கையேட்டைப் படிக்காமல் ஆடுபவருக்கோ ஓர் உருவம் ஓயாமல் குழியில் விழுந்துகொண்டே இருப்பதுதான் ஆட்டம். உருவத்தின் எந்தப் புள்ளி குழியின் ஓரத்தைத் தொட்டாலும் விழுந்ததாகவே கணக்கு. தலை உரசினாலும் போதும். ஆர்வலர்கள் பின்னாளில் இந்த ஒரு விதியை மாற்றித் திருத்திய பதிப்பை ஆடினால், இ.டி. ஒரு சுமாரான, சற்று விசித்திரமான தேடல் ஆட்டம். உலகின் மிக மோசமான கேம் என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது ஆட்டத்தால் மட்டும் அல்ல. விற்காமல் திரும்பி வந்த கார்ட்ரிட்ஜ்களாலும், நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் 1983இல் அட்டாரி சரக்கைப் புதைத்த கதையாலும்தான். 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது இ.டி.யோடு வேறு பல தலைப்புகளும் வெளியே வந்தன. நன்றாக விற்றவையும் அவற்றில் இருந்தன. நிறுவனத்தின் அளவுகடந்த உற்பத்திக்கு ஓர் ஆட்டத்தைப் பலிகடா ஆக்கிவிட்டோம்.

ஆர்கேட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் சிதைந்தவற்றின் பட்டியல் நீளமானது, ஒன்று போதும். யூ சுசூகி வடிவமைத்து 1986இல் சேகா வெளியிட்ட அவுட் ரன், ஆடும் இருக்கையே அசையும் பெட்டியோடு, இரண்டு 68000 செயலிகளின் பலத்தில் ஓடியது. அதன் வேகம், சாலை எழுந்து இறங்கும் விதம், வானொலியில் பாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு புறப்படும் தொடக்கம் ஆகியவைதாம் அதன் உயிர். இதை ஸ்பெக்ட்ரம் போன்ற 8 பிட் வீட்டுக் கணினிகளுக்கு மாற்றியபோது வேகம் முதலில் போனது. ஆட்டத்தோடு ஆர்கேட் இசையைப் பதிவுசெய்த ஒலிநாடா ஒன்றும் பெட்டியில் வந்தது. எந்திரத்தால் தர முடியாததை டேப் ரெக்கார்டரில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று விற்பவரே ஒப்புக்கொண்டதுபோல இருக்கிறது அது. இதேபோல ஆறு தாக்குதல் பொத்தான்களோடு பிறந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ ஒரே பொத்தான் கொண்ட ஜாய்ஸ்டிக்கில் ஆட வேண்டியிருந்த வீட்டுக் கணினிக்காரர்களின் துயரத்தை விவரிக்கவே வேண்டியதில்லை.

தோற்றத்தைக் காட்டி ஏமாற்றியவை தனி இனம். 1983இன் டிராகன்ஸ் லேயர், டான் புளூத்தின் கையால் வரைந்த அசைவூட்டத்தை லேசர் வட்டில் ஓடவிட்டது. அக்காலத்துப் புள்ளி உருவங்களுக்கு நடுவே அது வேற்றுலகம். அமெரிக்காவில் மற்ற எந்திரங்கள் 25 சென்ட் வாங்கியபோது இது 50 சென்ட் கேட்டது. ஆடிப் பார்த்தால், சரியான நொடியில் சரியான திசையை அழுத்தினால் படம் தொடரும், தவறினால் சாவு. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறொன்றும் இல்லை. இருந்தாலும் அதை நான் கடுமையாகச் சொல்ல மாட்டேன். பார்த்தது என்னவோ அதைத்தான் அது தந்தது. பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கூட அது நல்ல காட்சியாக இருந்தது.

1994இன் சண்டை ஆட்டமான ரைஸ் ஆஃப் தி ரோபாட்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெளிவருவதற்கு முன்பே இதழ்களில் அதன் முப்பரிமாணத்தில் செதுக்கியதுபோன்ற உலோக உருவங்கள் பக்கம் பக்கமாக வந்தன. எதிராளியின் ஆட்டத்தைக் கவனித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு என்றார்கள். குவீன் இசைக்குழுவின் பிரையன் மேயின் இசை என்றார்கள். உள்ளே அவருடைய இசை மிகச் சிறிதளவே இருந்தது. ஒருவராக ஆடினால் ஒரே ஒரு பாத்திரத்தைத்தான் எடுக்க முடியும். எதிராளியைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் திரும்பி நிற்க முடியாது. பாய்ந்து உதைக்கும் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் எதிராளிகள் வரிசையாக விழுவார்கள். தன்னை மாற்றிக்கொள்ளும் அந்த நுண்ணறிவு கடைசிவரை எதையும் கற்றுக்கொள்வதில்லை. அமிகா, டாஸ், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் என்று கிடைத்த எந்திரங்களுக்கெல்லாம் இதை விற்றார்கள். எந்திரம் இங்கே காரணமே அல்ல. நிற்கும் படத்தில் நன்றாகத் தெரிவதற்கென்றே செய்த ஆட்டம் இது. அன்றைய வாசகர் வாங்குமுன் பார்க்க முடிந்தது நிற்கும் படத்தை மட்டும்தான் என்பது விற்பவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரு பரிமாணத்திலிருந்து முப்பரிமாணத்துக்குத் தாவிய 1996ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோல்விகள் இன்னொரு விதம். யாருக்கும் வழி தெரியாத காலம் அது. மரியோ 64, 1996இல் வெளிவந்து, ஆட்டத்தைக் காட்டும் கேமராவும், விரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் அனலாக் குச்சியும் எப்படிச் சேர்ந்து இயங்க வேண்டும் என்று காட்டியது. அதே ஆண்டின் இறுதியில் பிளேஸ்டேஷனுக்கு வந்த பப்ஸி 3டி, நின்ற இடத்தில் திரும்பி, பிறகு முன்னே நடக்கும் டாங்கிக் கட்டுப்பாட்டோடு தாவிக் குதிக்கச் சொன்னது. ஆனால் அதைச் செய்த ஐடெடிக் குழுதான் 1999இல் சைஃபன் ஃபில்டரைத் தந்தது. ஆக, திறமை இல்லாதவர்கள் அல்லர். மற்றவர் எழுதிய விடைத்தாளைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு நேரத்தில் கிடைக்கவில்லை. 1999இல் நின்டெண்டோ 64க்கு வந்த சூப்பர்மேனுக்கு இந்தச் சாக்கு செல்லாது. அதற்குள் மூன்று ஆண்டுகள் போயிருந்தன. தொலைவை வரைய முடியாததால் ஊர் முழுக்கப் பனிமூட்டம். அதை, சூப்பர்மேனைப் பலவீனப்படுத்தும் கிரிப்டோனைட்டின் மூட்டம் என்று கதைக்குள் சேர்த்துவிட்டு, உலகின் பலசாலியை வளையங்களுக்குள் பறக்கவிட்டார்கள்.

டைகட்டானா என்ற சுடும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்லலாம். டூம் புகழ் ஜான் ரொமேரோவின் பெயரை முன்னிறுத்தி, வாங்கப்போகிறவரையே வம்புக்கிழுக்கும் விளம்பரம் 1997இல் வந்தது. ஆட்டம் 2000இல் வந்தது. நடுவில், ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரலான எஞ்சினில், குவேக் எஞ்சினை விட்டுக் குவேக் 2 எஞ்சினுக்கு மாறியதில் காலம் கரைந்தது. கூடவே வரும் துணைவர்கள் கதவிலும் ஏணியிலும் சிக்கிச் சாவார்கள், அவர்கள் செத்தால் ஆட்டம் முடிந்தது. விளம்பரம் மட்டும் அடக்கமாக இருந்திருந்தால் இதை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

இனி இரண்டாம் வகை. கேள்வி கேட்டவருக்கு உண்மையில் பயன்படக்கூடியது இதுதான். நல்ல ஆட்டமே, ஆனால் நம் கைக்கு வந்துசேரும் விதத்தில் கெட்டுப்போயிருக்கலாம். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான பால் நொடிக்கு 50 முறையும், அமெரிக்க, ஜப்பானிய முறை 60 முறையும் திரையைப் புதுப்பிக்கும். 60க்கு எழுதிய ஆட்டத்தைச் சரிசெய்யாமல் 50இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், இசையும் இழுக்கும். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018 டிசம்பரில் 100 டாலர் விலையில் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டியில் இருபது ஆட்டங்கள். அவற்றில் ஒன்பது இந்த 50 ஹெர்ட்ஸ் பதிப்புகள். சண்டை ஆட்டமான டெக்கன் 3 அவற்றில் ஒன்று. அந்தப் பெட்டியில் அதை முதன்முதலாக ஆடியவர் "இதையா தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள்" என்று கேட்டிருந்தால் அவர்மேல் குற்றமில்லை.

படக்குழாய்த் திரை போனதன் இழப்பு இன்னும் நுட்பமானது. 1991இன் சோனிக்கில் வரும் அருவியைப் பாருங்கள்: மெகா டிரைவால் ஒளி ஊடுருவும் தோற்றத்தைத் தர முடியாது, ஆகவே ஒரு கோடு நீர், ஒரு கோடு வெற்றிடம் என்று செங்குத்தாக மாற்றி மாற்றி வரைந்தார்கள். படத்தின் எல்லாத் தகவலையும் ஒரே கம்பியில் கொண்டுவந்த அன்றைய காம்போசிட் இணைப்பின் வழியே வந்த படம் இயல்பாகவே சற்றுக் கலங்கும். அந்தக் கலங்கலில் கோடுகள் ஒன்றிக் கண்ணாடிபோன்ற நீராகிவிடும். இன்றைய கூர்மையான திரையில் அது சன்னல் கம்பிபோல நிற்கிறது. 1984இன் டக் ஹண்டுக்கு நேர்ந்தது அதைவிட மோசம்: விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் தோன்றும், துப்பாக்கியில் உள்ள ஒளியுணரி அந்த வெள்ளையைக் கண்டால் அடி. சிறிதும் தாமதமின்றி வரையும் திரையை நம்பிய ஏற்பாடு என்பதால், தட்டைத் திரையில் அந்தத் துப்பாக்கி வேலையே செய்வதில்லை. இதே தாமதம், குதிக்கும் ஆட்டங்களில் வெளிப்படையாகத் தெரியாமல் உங்களை நொடியின் சிறு பகுதி பிந்தவைக்கும். கட்டுப்பாடு வழுக்குகிறது என்று ஆட்டத்தின் மேல் பழி விழும்.

காணாமல்போன இன்னொன்று கையேடும் சுற்றத்தாரும். 1986இன் செல்டா வரைபடத்தோடு வந்தது. எந்தப் புதரை எரிப்பது, எந்தச் சுவரை உடைப்பது என்பது நண்பர்களுக்குள் கைமாறிய இரகசியம். 1987இன் காஸில்வேனியா 2இல், சிவப்புப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மலைமுகட்டின் அடியில் சிறிது நேரம் மண்டியிட்டுக் காத்திருந்தால்தான் சூறாவளி வந்து தூக்கிச் செல்லும். ஊர்மக்களில் சிலர் வேண்டுமென்றே பொய் சொல்பவர்கள். ஆங்கிலப் பதிப்பின் தடுமாற்றமான மொழிபெயர்ப்பில் உண்மையும் பொய்யும் ஒன்றுபோலவே ஒலித்தன. இதைத் தனியாளாக இன்று கண்டுபிடிக்க முயல்வது வீண். குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றும் அப்படித்தான் முடித்தார்கள். மட்டுமீறிய கடினத்துக்கும் சிலசமயம் வணிகக் காரணம் இருந்தது. 1994இன் லயன் கிங்கில் இரண்டாம் கட்டத்தின் குரங்குப் புதிர், வாடகைக்கு எடுத்தவர்கள் அதே வார இறுதியில் முடித்துவிடக் கூடாது என்பதற்காகவே கடினமாக்கப்பட்டது என்று உருவாக்கியவர்கள் தரப்பிலிருந்தே பின்னர் விளக்கம் வந்தது.

இந்த இரண்டிலும் அடங்காத ஒன்று கோல்டன்ஐ 007. 1997இல் ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64க்குச் செய்த அந்த ஜேம்ஸ் பாண்ட் துப்பாக்கி ஆட்டம் வாக்குத் தவறவும் இல்லை, வழியில் கெடவும் இல்லை. நால்வர் ஆடும்போது ஃப்ரேம் வேகம் இருபதுக்குக் கீழே விழும்; குறிபார்க்கவும் நடக்கவும் சேர்த்து ஒரே குச்சி. அன்று கன்சோல்களில் இதற்கு மேல் பழக்கமில்லாததால் அது குறையாகத் தெரியவில்லை. பிறகு இரண்டு குச்சிகளால் கட்டுப்படுத்துவதே வழக்கமாகிவிட்டது. அது கற்றுக்கொடுத்ததை அடுத்து வந்தவர்கள் எல்லோரும் மேம்படுத்திக்கொண்டார்கள். ஆகவே இன்று அதை ஆடுபவருக்கு அதன் புதுமைகள் வழக்கமானவையாகவும் பழமைகள் மட்டும் புதிதாகவும் படுகின்றன. 2023 ஜனவரியில் மறுபடி வெளிவந்தபோது எக்ஸ்பாக்ஸ் பதிப்பு இரட்டைக் குச்சியோடு வந்தது. முதன்முறை ஆடுபவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

எவற்றை விட்டுவிடலாம் என்பதற்கு என் விடை: ரைஸ் ஆஃப் தி ரோபாட்ஸ், சூப்பர்மேன் 64 இரண்டுக்கும் பத்து நிமிடக் காணொளி போதும். அட்டாரி பேக்-மேனுக்குப் பதில் அதே கன்சோலின் மிஸ் பேக்-மேனை ஆடுங்கள். இ.டி.க்குக் கையேட்டைப் படித்துவிட்டு அரை மணி நேரம் கொடுக்கலாம். மற்றவற்றில் ஏமாற்றம் தோன்றினால், தீர்ப்புச் சொல்லுமுன் மூன்றைச் சரிபாருங்கள்: நீங்கள் ஓட்டுவது 60 ஹெர்ட்ஸ் பதிப்புதானா, தொலைக்காட்சி, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில் இருக்கிறதா, பழைய எந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் படக்குழாய்த் திரையைப் பின்பற்றும் ஷேடர் என்ற படவடிகட்டி போட்டிருக்கிறீர்களா. ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் உள்ள ரன்-அஹெட் வசதி பொத்தானுக்கும் திரைக்கும் இடையிலான தாமதத்தைப் பெருமளவு குறைக்கும். ஒன்று அல்லது இரண்டு ஃப்ரேம்களுக்கு மேல் வைத்தால் சில ஆட்டங்களில் அசைவுகள் துள்ளத் தொடங்கும் என்பதால் ஒன்றிலிருந்தே ஆரம்பியுங்கள்.